வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் கண் வறட்சி தீருமா?

கேள்வி: என் வயது 44. மடிப்பாக்கத்திலிருந்து கிண்டியில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறேன். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். தும்மல் தொல்லைக்காகத் தினமும் இரவில் ஒரு செட்டிரிசின் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சைவ உணவுதான். எட்டு மாதங்களாகக் கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தலும் எரிச்சலும் இருக்கின்றன. மாலை நான்கு மணிக்கு மேல் கணினியைப் பார்க்கவே முடிவதில்லை. ஆனால் வண்டி ஓட்டும்போது கண்ணிலிருந்து நீராக வடிகிறது. முழு உடல் பரிசோதனையில் வைட்டமின் டி 11, பி12 168 என்று வந்தது. வைட்டமின் குறைவால்தான் கண் வறண்டிருக்கிறது என்று சொல்லி, மருந்துக் கடையில் ஒரு மல்டிவைட்டமின் மாத்திரையும் 50,000 யூனிட் வைட்டமின் ஏ கேப்ஸ்யூலும் கொடுத்தார்கள். மூன்று வாரமாகத் தினமும் சாப்பிடுகிறேன். அம்மா பொன்னாங்கண்ணிக் கீரையும் சமைத்துத் தருகிறார். எரிச்சல் குறையவில்லை. இன்னும் எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும்?

– ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வைட்டமின் ஏ கேப்ஸ்யூலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். வளர்ந்த பெண் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் ஏ 3,000 யூனிட்டுக்கும் குறைவு. மருத்துவக் காரணம் இல்லாமல் தினமும் 10,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது பெரியவர்களுக்கான வரம்பு. நீங்களோ இந்த மூன்று வாரத்தில் பத்து லட்சம் யூனிட்டுக்கு மேல் சாப்பிட்டிருக்கிறீர்கள். பி, சி வகை வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிவிடும். ஏ அப்படியல்ல, அது கொழுப்பில் கரைந்து கல்லீரலில் போய்த் தங்கிவிடும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். அளவு மீறும்போது தலைவலி, குமட்டல், உதடு வெடிப்பு, தோல் வறட்சி, முடி கொட்டுதல் ஆகியவை வரும், கல்லீரல் பாதிக்கப்படும், சிலருக்கு மண்டைக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பின் முனையே வீங்கிவிடும். மூன்று வாரத்தோடு நிறுத்திவிட்டால் பெரும்பாலோருக்குப் பாதிப்பு எதுவும் தங்குவதில்லை என்பதால் நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் விடாத தலைவலியோ, பார்வை மங்கலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த அளவு வைட்டமின் ஏ கருவில் இருக்கும் குழந்தைக்கு உறுப்புக் குறைபாடுகளை உண்டாக்கக்கூடியது. உங்கள் வயதிலும் கருத்தரிக்கும் வாய்ப்பு முழுவதுமாக இல்லாமல் போய்விடுவதில்லை. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் இந்த மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

மருந்துக் கடைக்காரர் சொன்னது அடியோடு தவறு என்று நான் சொல்லவில்லை. வைட்டமின் ஏ குறைந்தால் கண் வறளும் என்பது கண் மருத்துவத்தின் பழைய உண்மைகளில் ஒன்று. ஜீரோஃப்தால்மியா என்று அந்த நோய்க்கு வைத்திருக்கும் கிரேக்கப் பெயருக்கே வறண்ட கண் என்றுதான் பொருள். அது எப்படி நிகழ்கிறது என்று தெரிந்துகொண்டால், உங்கள் கண்ணில் நடப்பது அதுதானா என்பதை நீங்களே ஓரளவு எடைபோட்டுக்கொள்ளலாம்.

நம் கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி நீர். புருவத்துக்குக் கீழே வெளிப்பக்கமாக இருக்கும் கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து அது வருகிறது. அந்த நீர் காற்றில் ஆவியாகிவிடாமல் மேலே எண்ணெய் பூசினாற்போல் ஒரு மூடாக்கு இருக்கிறது. இமை விளிம்பில் வரிசையாக அமைந்திருக்கும் மெய்போமியன் சுரப்பிகள் அந்த எண்ணெயைக் கசியவிடுகின்றன. நீர் வழிந்தோடாமல் கருவிழியில் ஒட்டிக்கொள்வதற்கு அடியில் கோழை போன்ற ஒரு வழவழப்பும் வேண்டும். வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் சவ்வில் உள்ள கோப்லெட் செல்கள்தாம் அதைத் தருகின்றன. இந்தச் செல்கள் உயிரோடு இருந்து வேலை செய்வதற்கு வைட்டமின் ஏ வேண்டும். அது இல்லாமல் போனால் செல்கள் ஒவ்வொன்றாக மறைந்து, ஈரமாக இருக்க வேண்டிய சவ்வு உள்ளங்காலின் தோலைப்போல் தடித்துக் காய்ந்துவிடுகிறது. அந்த நிலையில் சுரப்பியிலிருந்து எவ்வளவு கண்ணீர் வந்தாலும் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடுமே தவிரக் கண்ணில் ஒட்டாது. சவ்வின் மேல் சோப்பு நுரை காய்ந்ததுபோல் வெள்ளையாக ஒரு திட்டுப் படியும். அதை 1863-ல் விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் பிட்டோ திட்டு என்கிறோம். அதற்கும் முன்பே வரும் அடையாளம் மாலைக்கண். மங்கிய ஒளியில் பார்ப்பதற்கு விழித்திரையில் இருக்கும் நிறமி வைட்டமின் ஏயிலிருந்துதான் உருவாகிறது; இருப்பு குறையும்போது அந்தி வேளைப் பார்வைதான் முதலில் அடிபடும். கடைசிக் கட்டத்தில் கருவிழியே குழைந்து உருகிவிடும்.

நம் ஊருக்கு இது ஏட்டில் மட்டும் படித்த நோயல்ல. 1819-ல் தொடங்கப்பட்டு இன்று எழும்பூரில் இயங்கிவரும் அரசு கண் மருத்துவமனைக்குத் தலைமை வகித்த ரைட் என்ற மருத்துவர், 1920களில் தென்னிந்தியக் குழந்தைகளின் கருவிழி இப்படி உருகிப்போவதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். அம்மை கண்ட குழந்தையும், வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தையும் சில நாள்களிலேயே இரு கண்களையும் இழந்த காலம் அது. 1970-ல் இந்திய அரசு தொடங்கிய தடுப்புத் திட்டத்தின் தொடர்ச்சியாகத்தான், குழந்தைக்கு ஒன்பது மாதமானதும் ஒரு லட்சம் யூனிட்டும், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட்டும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தாகத் தருகிறார்கள். உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அவ்வளவு பெரிய அளவைக் குழந்தைக்கே கொடுக்கிறார்களே, நான் சாப்பிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது கல்லீரலில் இருப்பு வைப்பதற்காக. தினமும் கொடுப்பது அந்த இருப்பு நிரம்பிய பிறகும் மேலே ஊற்றுவதற்குச் சமம்.

பெரியவர்களுக்கு இந்தக் குறைபாடு வரவே வராதா என்றால், வரும். ஆனால் அதற்கென்று ஒரு காரணம் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர் கைப்பை நிறையச் சொட்டு மருந்துப் பாட்டில்களைக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக அடுக்கினார். ஏழு பாட்டில்கள், எல்லாமே செயற்கைக் கண்ணீர், எதிலும் பலன் இல்லை. கண்ணைப் பார்த்தபோது வெள்ளை விழியின் ஓரத்தில், காதுப் பக்கமாக, அந்த நுரைத் திட்டு இருந்தது. “இருட்டினால் பைக் ஓட்ட முடிகிறதா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய மனைவி, “ஆறு மணிக்கு மேல் வண்டியைத் தொடுவதில்லை டாக்டர், வயதாகிறது அல்லவா” என்றார். அவருக்கு வயது 39. மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போகிறதா என்று கேட்டபோதுதான், நாள்பட்ட கணைய அழற்சி இருப்பதையும் அதற்கான மாத்திரையை ஓராண்டாக நிறுத்திவிட்டதையும் சொன்னார். கணையம் சுரக்காவிட்டால் கொழுப்பு செரிக்காது. கொழுப்பு செரிக்காவிட்டால் அதோடு சேர்ந்து உள்ளே போக வேண்டிய வைட்டமின் ஏயும் போகாது. ரத்தத்தில் அளவைப் பார்த்து, குடல் மருத்துவரோடு கலந்து வைட்டமின் ஏ கொடுத்தோம். சில நாள்களிலேயே இருட்டில் பார்வை தெளிந்தது. கண்ணின் வறட்சி அடங்க மேலும் சில வாரங்கள் ஆயின. இவரைப் போன்றவர்களுக்கும், கல்லீரல் நோய் முற்றியவர்களுக்கும், உடல் எடை குறைக்கக் குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், மதுவே உணவாகிப்போனவர்களுக்கும், உணவை மிகவும் ஒடுக்கிக்கொண்டவர்களுக்கும் இந்தக் குறைபாடு வருகிறது. பாலும் தயிரும் கீரையும் சாப்பிட்டு, செரிமானமும் ஒழுங்காக இருக்கும் ஒருவருடைய கல்லீரலில் பல மாதங்களுக்குப் போதுமான வைட்டமின் ஏ இருக்கும். இரவில் வேளச்சேரி வழியாக வீடு திரும்பும்போது சாலையும் பள்ளமும் உங்களுக்கு முன்போலவே தெரிகின்றன என்றால், உங்கள் எரிச்சலுக்கு ஏ குறைபாடு காரணமாக இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. உங்கள் பரிசோதனைத் தாளிலும் டியும் பி12-ம் குறைவு என்றுதான் வந்திருக்கிறது. ஏயை யாரும் அளந்து பார்க்கவே இல்லை.

அந்த இரண்டையும் பற்றிச் சொல்கிறேன். பி12 168 என்பது உண்மையான குறைவுதான். 200-க்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்று கொள்வோம். உங்களுக்கு அது குறைய இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. பி12 கீரையிலும் பருப்பிலும் கிடையாது. பழைய சோற்றை நம்பியும் இருக்க முடியாது. சைவ உணவில் பாலும் தயிரும்தான் அதற்கு வழி. அப்படி வருகிற கொஞ்சத்தையும் குடல் உறிஞ்சவிடாமல் மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் தடுக்கிறது. அதற்காக மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்து. பி12-ஐத் தனியாகக் கொடுத்து ஈடுகட்டிவிடலாம். கண் எரிச்சலோடு இதற்கு ஒரு தொடர்பு இருக்க முடியும், அது நரம்பு வழியாக. உடலிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக அமைந்த இடம் கருவிழி. பி12 குறையும்போது நரம்புகள் நலிகின்றன. அப்போது கண்ணில் வறட்சி கொஞ்சமாக இருந்தாலும் எரிச்சல் பல மடங்காகத் தோன்றலாம். உள்ளங்கால் எரிச்சல், விரல் நுனியில் மரமரப்பு ஆகியவை உங்களுக்கு இருக்கின்றனவா என்று கவனியுங்கள். சர்க்கரை நோயாளிகள் இவற்றைச் சர்க்கரையின் தலையில் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். பாதிப் பழி பி12-க்கு உரியதாக இருக்கலாம். மாத்திரை போதுமா, ஊசி வேண்டுமா என்பதை உங்கள் சர்க்கரை நோய் மருத்துவர் தீர்மானிக்கட்டும். கண் சரியாகிறதோ இல்லையோ, இந்தக் குறைவைச் சரிசெய்தே ஆக வேண்டும். நீண்ட நாள் விட்டால் பார்வை நரம்பும் தண்டுவடமும்கூடப் பாதிக்கப்படும்.

வைட்டமின் டி விஷயத்தில் நான் இன்னும் எச்சரிக்கையாகப் பேச விரும்புகிறேன். டி குறைவாக இருப்பவர்களிடம் கண் வறட்சி அதிகம் காணப்படுகிறது என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் சொல்வது உண்மை. டி கொடுத்தபின் கண்ணீரின் தன்மை ஓரளவு தேறியதாகச் சொல்லும் சிறு ஆய்வுகளும் உண்டு. ஆனால் இரண்டும் சேர்ந்து இருப்பதனாலேயே ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஏசி அறையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு வெயிலும் படுவதில்லை, இமையும் சரியாக மூடித் திறப்பதில்லை. டியும் குறையும், கண்ணும் வறளும். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத சென்னையில் நான் பரிசோதிக்கச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு டி குறைவாகத்தான் வருகிறது. அவர்கள் எல்லோருக்கும் கண் வறட்சி இல்லை. 11 என்பது எலும்புக்கும் தசைக்கும் போதாது, அதைச் சரிசெய்யுங்கள். வழக்கமாக 60,000 யூனிட்டை வாரம் ஒருமுறை, எட்டு வாரம் எழுதிக்கொடுப்பார்கள். வாரம் ஒருமுறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதைத் தினமும் சாப்பிட்டுவிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்புமாக வந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏறிய கால்சியம் கருவிழியின் குறுக்கே வெள்ளைப் பட்டையாகப் படிவதும் உண்டு.

அடுத்ததாக உங்களுக்கு யாராவது மீன் எண்ணெய் கேப்ஸ்யூலைப் பரிந்துரைக்கக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், கண் வறட்சி உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்குத் தினமும் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு 3 கிராமையும் மற்றப் பிரிவினருக்கு வெறும் ஆலிவ் எண்ணெயையும் ஓராண்டுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். அந்தப் பணத்தை நீங்கள் மிச்சப்படுத்தலாம்.

அப்படியென்றால் என் கண் ஏன் எரிகிறது என்று கேட்பீர்கள். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் உங்கள் கடிதத்திலேயே நான்கைந்து காரணங்கள் தெரிகின்றன. இரவில் போட்டுக்கொள்ளும் செட்டிரிசின் மூக்கை உலர்த்துவதைப் போலவே கண்ணையும் உலர்த்தும். சர்க்கரை நோய் கண்ணீர்ச் சுரப்பியையும் கருவிழியின் உணர்வையும் மந்தமாக்கும். உங்கள் வயதில் ஹார்மோன்கள் மாறத் தொடங்கும்போது இமையின் எண்ணெய்ச் சுரப்பிகள் தளரும். இவற்றோடு கணினி. இயல்பாக நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை இமைக்கிற நாம், திரையில் எண்களைச் சரிபார்க்கும்போது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறோம். இமைக்கிற சில முறைகளிலும் மேல் இமை பாதி தூரம் வந்து திரும்பிவிடுகிறது. மாலை நான்கு மணிக்கு மேல் மோசமாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு முக்கியமான தடயம். வைட்டமின் குறைவு மணி பார்த்து வருவதில்லை. பகல் முழுதும் ஆவியாகிப்போன கண்ணீர்தான் மாலையில் கணக்குக் காட்டும். வண்டியில் நீராக வடிவதும் வறட்சியின் அடையாளம்தான். படலம் கலைந்து கருவிழி காற்றுக்குத் திறந்ததும், அங்கிருக்கும் நரம்புகள் மூளைக்கு அபாயச் செய்தி அனுப்ப, சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டுகிறது. அந்த நீரில் எண்ணெய் போதாது. கன்னத்தில் வழிந்து போய்விடும், கண்ணில் தங்காது. நீங்கள் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

கண் மருத்துவரிடம் போனால் என்ன செய்வார் என்று தெரிந்திருந்தால் தயக்கம் இருக்காது. ஸ்லிட் லாம்ப் என்னும் கருவியில் தாடையை வைத்து உட்காரச் சொல்லி, ஃப்ளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் இலேசாகத் தொட்டு வைப்போம். நீல ஒளியில் பார்க்கும்போது கண்ணீர்ப் படலம் முழுவதும் பச்சையாக ஒளிரும். ஒருமுறை இமைத்துவிட்டு இமைக்காமல் இருக்கச் சொல்லி மனத்துக்குள் எண்ணத் தொடங்குவோம். நல்ல படலம் பத்து விநாடிக்கு மேல் அப்படியே நிற்கும். உங்களைப் போல் கணினியில் வேலை பார்க்கும் பலருக்கு, மூன்று என்று எண்ணுவதற்குள் பச்சைக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் தோன்றி, தண்ணீர் வற்றிய ஏரித் தரைபோல் பிளந்துகொண்டு போகும். பிறகு கீழ் இமையின் விளிம்பை விரலால் மெதுவாக அழுத்துவோம். ஆரோக்கியமான சுரப்பியிலிருந்து நல்லெண்ணெய் போலத் தெளிவான துளி எழும். அடைத்துப்போனதிலிருந்து உறைந்த நெய்போல் வெள்ளையாக ஒரு திரி நெளிந்து வரும், அல்லது எதுவுமே வராது. ஷிர்மர் சோதனை என்று இன்னொன்று உண்டு. சிறிய வடிதாள் பட்டை ஒன்றின் முனையை மடித்துக் கீழ் இமையில் மாட்டி, ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளப்பார்கள். ஐந்துக்கும் குறைந்தால் சுரப்பே குறைவு என்று பொருள். அப்போது வாயும் வறள்கிறதா, முறுக்கு, பொரி போன்றவற்றைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா, மூட்டு வலி இருக்கிறதா என்றெல்லாம் கேட்போம். சுரப்பிகளை உடலே தாக்கும் ஷோக்ரன் நோய் உங்கள் வயதுப் பெண்களிடம்தான் அதிகம். அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு.

சந்திப்புக்கு நாள் கிடைக்கும் வரை சிலவற்றை இன்றே தொடங்கலாம். சுத்தமான துணியைப் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். துணி ஆறிவிடும்போது மறுபடி நனைக்க வேண்டும். ஆறிய துணியால் எந்தப் பயனும் இல்லை. பிறகு இமை விளிம்பை நோக்கி, மேல் இமையைக் கீழாகவும் கீழ் இமையை மேலாகவும் இலேசாக நீவிவிடுங்கள். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, இரண்டு மாதமாவது விடாமல் செய்தால்தான் உறைந்த எண்ணெய் இளகும். இதை நாலு நாள் செய்துவிட்டு விட்டுவிடுகிறவர்களே அதிகம் என்பதால் வற்புறுத்திச் சொல்கிறேன். அலுவலகத்தில் ஏசிக் காற்று நேராக முகத்தில் படாதபடி இடத்தை மாற்றிக் கேளுங்கள். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சன்னல் வழியே தூரத்தைப் பார்த்து, இமைகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு மெதுவாகப் பத்து முறை இமையுங்கள். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். செட்டிரிசின் உங்களுக்குத் தினமும் தேவைதானா, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே போன்ற வேறு வழி உண்டா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் என்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தைப் பகலில் மூன்று நான்கு முறை விட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பதனப்பொருள் கலக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். பதனப்பொருளே கருவிழியை எரிச்சலூட்டும். கண் சிவப்பை மறைக்கும் சொட்டு மருந்தும், கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் வேண்டவே வேண்டாம். ஸ்டீராய்டு இரண்டே நாளில் எரிச்சலை அடக்கி நம்மை ஏமாற்றிவிடும். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரும். விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் ஆகியவற்றைக் கண்ணில் விடச் சொல்லி வீட்டில் யாரேனும் அன்போடு சொன்னால், அன்போடு மறுத்துவிடுங்கள். அவற்றிலிருந்து கிருமி தொற்றிக் கருவிழி புண்ணானவர்களுக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன்.

அம்மா சமைத்துத் தரும் பொன்னாங்கண்ணியை நிறுத்த வேண்டாம். அதில் இருப்பது வைட்டமின் ஏ அல்ல, பீட்டா கரோட்டின். உடல் தனக்கு வேண்டிய அளவை மட்டும் அதிலிருந்து ஏயாக மாற்றிக்கொள்ளும். அதனால் கீரையாலும் கேரட்டாலும் கேப்ஸ்யூல் செய்கிற கேடு வராது. மிக அதிகமாகச் சாப்பிட்டால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். ஆனால் எண்ணெய் இல்லாமல் வெறுமனே வேகவைத்துச் சாப்பிட்டால் கரோட்டின் குடலில் சரியாக ஏறாது. அம்மா கடுகு தாளிக்கும் அந்த ஒரு கரண்டி எண்ணெயைச் சர்க்கரைக்குப் பயந்து தவிர்த்துவிடாதீர்கள். முருங்கைக்கீரையிலும் பரங்கிக்காயிலும் இது நிறைய உண்டு. மாம்பழத்திலும் உண்டு என்றாலும் உங்கள் சர்க்கரை அதற்கு இடம் கொடுக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பால் பாக்கெட்டில் ஏ, டி சேர்க்கப்பட்டதைக் குறிக்கும் நீல நிற ‘+எஃப்’ அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த உணவு உங்கள் கல்லீரலின் இருப்பைக் காக்கும், மாலைக்கண் வராமல் பார்த்துக்கொள்ளும். இமை விளிம்பில் அடைத்த எண்ணெயை அது கரைக்காது என்பதால்தான் மூன்று வாரமாகியும் எரிச்சல் குறையவில்லை.

கண்ணில் கடுமையான வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை குறைதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஒத்தடத்தையெல்லாம் விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு கண் மருத்துவரைப் பாருங்கள். செலவைப் பற்றிய கவலை இருந்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கே போகலாம். இந்தச் சோதனைகள் எல்லாம் அங்கே நடக்கின்றன. ரத்தப் பரிசோதனைத் தாள், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், அந்த வைட்டமின் ஏ அட்டையும் உட்பட, எடுத்துச் செல்லுங்கள். போவதற்கு முன் இரண்டு மணி நேரம் சொட்டு மருந்து விடாதீர்கள். விட்டால் படலத்தின் உண்மையான நிலை தெரியாது. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதால் விழித்திரையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். அதற்காகக் கண்மணியை விரிக்கும் மருந்து விடுவார்கள். சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். அன்றைக்கு ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு ரயிலிலோ பேருந்திலோ போய் வாருங்கள்.